“கோளாறுன்னு எழுதாம தர முடியாதா டாக்டர்?”

வாசகர் கேள்விகள் – மனநல மருத்துவர் பதில்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, திருநங்கையாகவோ திருநம்பியாகவோ (பெண்ணாகப் பிறந்தவர் என்று ஊர் சொன்னாலும் தன்னை ஆணாக உணர்பவர்) இருப்பது மனநோய் அல்ல என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேஜையில் ஒரு கட்டாக இருக்கின்றன. கோபப்பட்டவர்கள் உண்டு, அழுதுகொண்டே எழுதியவர்கள் உண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டவர்கள்தான் அதிகம். ஒரு வரியில் முடித்திருக்கக் கூடாது. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்: என் மகனுக்கு 19 வயது, காலேஜில் இரண்டாம் வருஷம். போன மாதம் ஒருநாள் ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சமையல்கட்டில் வந்து நின்று, “அம்மா, நான் பையன் இல்லம்மா, பொண்ணு” என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் சித்தப்பா, ஒரு சென்டர் இருக்கிறது, மூன்று மாதம் உள்ளே வைத்து மாத்திரையும் கரன்ட்டும் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். அட்வான்ஸ் கேட்கிறார்கள். இது மனநோயா? நேராகச் சொல்லுங்கள் டாக்டர்.

இல்லை அம்மா. மனநோய் இல்லை. அந்த அட்வான்ஸைக் கட்டாதீர்கள். இதற்குள் கட்டியிருந்தால் பணம் போனால் போகட்டும், பிள்ளையை அங்கே அனுப்ப வேண்டாம்.

(பிள்ளை என்றே எழுதுகிறேன். மகன் என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு வலிக்கும், மகள் என்று எழுதினால் இப்போதைக்கு உங்களுக்கு வலிக்கும். பிள்ளை என்றால் இரண்டு பேருக்கும் பொது.)

உலக சுகாதார நிறுவனம் நோய்களையும் உடல்நிலைகளையும் வகைப்படுத்தி ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறது, ஐசிடி என்போம். அதன் 11-வது பதிப்பை 2019 மே மாதம் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் கூடி ஏற்றுக்கொண்டன, 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதிப்பில் இது மனநோய்ப் பகுதியிலேயே இல்லை. நம் நாட்டில் 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஊரின் ஒழுக்க வழக்கங்களோடும் சமூக மதிப்பீடுகளோடும் ஒத்துப்போகவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பிரிவை எத்தனையோ குடும்பங்களுக்கு நான் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

அப்புறம் அந்த சென்டர். 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு அது. இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை, முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்த நீதிபதி ஓர் உளவியல் நிபுணரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். திருநர்களின் (திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் பொதுச் சொல்) பாலின அடையாளத்தை ‘மாற்றுகிறேன்’, ‘குணப்படுத்துகிறேன்’ என்று செய்யப்படும் எந்த மருத்துவ முயற்சிக்கும் அந்த உத்தரவில் தடை இருக்கிறது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், இப்படிச் செய்யும் டாக்டர் தொழில்முறைத் தவறு செய்தவர் ஆவார் என்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. உங்கள் பிள்ளை மேஜர் வேறு. மனநோயே இல்லாத ஒரு மேஜரைச் சம்மதம் இல்லாமல் உள்ளே வைத்துப் பூட்டுவது சிகிச்சை ஆகாது.

கரன்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன்மேல் தேவையில்லாத பயத்தைக் கிளப்ப எனக்கு விருப்பம் இல்லை. கடுமையான மனச்சோர்வில் சாப்பிடாமல் குடிக்காமல் படுத்துவிட்டவர்களை அந்தச் சிகிச்சை எழுப்பி உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தான் ஆணா பெண்ணா என்று ஒருவர் உள்ளே உணர்வதை மாற்ற எந்தக் கரன்ட்டும் கிடையாது, எந்த மாத்திரையும் கிடையாது.

இப்படி ஓர் இடத்திலிருந்து திரும்பிய ஒரு பிள்ளையை என் ஓபியில் பார்த்தேன். 23 வயது. கொடுத்திருந்த மாத்திரைகளின் வீரியத்தில் கை நடுங்கி, டம்ளர் தண்ணீர் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் சிந்தியது. நாக்கு குழறியது. பக்கத்தில் அப்பா, “இப்ப அமைதியா இருக்கான் டாக்டர், முன்ன மாதிரி இல்ல” என்றார். அந்த அமைதி மருந்தின் அமைதி. மெல்ல மெல்ல மாத்திரைகளைக் குறைத்து, சில வாரங்கள் கழித்துத் தெளிந்து பேச ஆரம்பித்தபோது அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, “அக்கா கல்யாணம் முடிஞ்சிடுச்சா?” முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணத்தன்று வீட்டில்தான் இருந்திருக்கிறது, போட்டோவில்கூட நிற்கிறது. எதுவும் ஞாபகம் இல்லை.

உங்கள் வீட்டில் அத்தனை பேர் இருக்க, உங்கள் பிள்ளை உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறது அம்மா. சொல்லாமலே வீட்டை விட்டுப் போய், மாதக்கணக்கில் போன் எடுக்காத பிள்ளைகளின் அம்மாக்கள் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் ஒன்றும் முடிவு செய்ய வேண்டியதில்லை. சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கேட்காமல் இனி எந்தச் சொந்தக்காரரிடமும் சொல்லாதீர்கள். தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றால், பிள்ளைக்கோ உங்களுக்கோ, அதற்கு மட்டும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஓட்டுப் போட்டு ஒரு நோயைப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள் என்று படித்தேன். சர்க்கரை நோயை ஓட்டுப் போட்டு எடுக்க முடியுமா? இது அறிவியலா, அரசியலா? நோய் இல்லை என்றால் பிறகு எதற்கு ஹார்மோனும் ஆபரேஷனும்?

ஐயா, நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஒரு திருத்தம். 1973-ல் எடுத்தது ஓரினச்சேர்க்கையை. திருநர் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தபோது இது முதன்முறையாக உள்ளே நுழைந்தது. 1994-ல் வந்த நான்காம் பதிப்பில் ‘பாலின அடையாளக் கோளாறு’ என்று பெயர் வைத்தார்கள். 2013-ல் ஐந்தாம் பதிப்பில் ‘கோளாறு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, பாலினம் சார்ந்த மனத்துயர் என்று மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. ஆணாகப் பிறந்தவர் என்று ஊர் சொல்லும் ஒருவர் தன்னைப் பெண்ணாக உணர்வது நோய் இல்லை, அதனால் அவருக்கு வாழ்க்கையே நடத்த முடியாத அளவுக்குத் தவிப்பு இருந்தால் அந்தத் தவிப்பைத்தான் நாங்கள் பார்க்கிறோம் என்று அந்தப் புத்தகம் சொன்னது. தவிப்பு இல்லாத திருநருக்கு அந்தப் புத்தகத்தில் எந்தப் பெயரும் கிடையாது.

சர்க்கரைக்கு ரத்தத்தில் அளவு பார்க்கலாம். எங்கள் துறையில் பெரும்பாலான நோய்களுக்கு அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. அதனால் நாங்கள் சில கேள்விகளைத்தான் கேட்கிறோம். இந்த மனிதருக்குத் துன்பம் இருக்கிறதா? அன்றாட வேலை கெடுகிறதா? அந்தத் துன்பம் உள்ளிருந்து வருகிறதா, சுற்றியிருப்பவர்கள் கொடுப்பதா? இந்தக் கடைசிக் கேள்வியை என் துறை ரொம்ப காலம் கேட்கவே இல்லை. கேட்காததன் விளைவு என்ன என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: 1851-ல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், பண்ணைகளிலிருந்து கறுப்பின அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதி அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் வைத்தார். ஓடியவனின் தலையில் நோயைத் தேடினார், அவன் காலில் கிடந்த விலங்கை அவர் பார்க்கவில்லை. ஓட்டுப் போட்டு நோயை எடுத்தார்களே என்கிறீர்கள். சேர்த்தபோது மட்டும் எந்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து சேர்த்தார்கள்? அதுவும் ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து எடுத்த முடிவுதான். தவறாக எடுத்த முடிவைத் திருத்துவதும் அறிவியலின் வேலைதான் ஐயா.

ஆபரேஷன் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால் மாதாமாதம் செக்கப், ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை, தேவைப்பட்டால் சிசேரியன் என்று எல்லாம் நடக்கும். ஆஸ்பத்திரி ரெக்கார்டில் அதற்கு ஐசிடி எண் உண்டு. அதற்காகக் கர்ப்பத்தை யாரும் நோய் என்று சொல்வதில்லை, ஆனால் மருத்துவ உதவி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஐசிடி-யின் 11-வது பதிப்பு செய்ததும் இதைத்தான். 10-வது பதிப்பில் மனநோய்ப் பகுதியில் எஃப் 64 என்ற எண்ணில் இருந்ததை அங்கிருந்து எடுத்து, பாலியல் ஆரோக்கியம் பற்றிய 17-வது அத்தியாயத்தில் எச்ஏ 60 என்ற எண்ணில் வைத்தார்கள். பெயர், பாலினப் பொருத்தமின்மை. உடலும் உணர்வும் பொருந்தவில்லை, உதவி தேவைப்படலாம், அவ்வளவுதான் அதன் பொருள். டென்மார்க் உலக சுகாதார நிறுவனம் முடிவெடுக்கும்வரை காத்திருக்கவில்லை, 2017 ஜனவரி 1-லேயே தன் நாட்டு மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

விவாதம் முழுதாக ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவப் பட்டியலில் எந்த மூலையிலும் நாங்கள் இருக்கத் தேவையில்லை என்று சொல்லும் திருநர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் எண் இல்லையென்றால் காப்பீட்டுக் கம்பெனி பணம் தராது என்று பயப்படுபவர்களும் அவர்களிலேயே இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், உலக சுகாதார நிறுவனம் எடுத்த வழியே சரியானது, அமெரிக்கக் கையேடும் ஒருநாள் அதே வழிக்கு வர வேண்டும். தவிப்புக்குத்தான் பெயர் வைத்திருக்கிறோம் என்று அவர்கள் சொன்னாலும், மனநோய்ப் புத்தகத்துக்குள் இருக்கும்வரை சாதாரண ஜனங்கள் அதை மனநோய் என்றுதான் படிப்பார்கள்.

திருநங்கை, வயது 26, விழுப்புரம்: மனநோய் இல்லை என்று எடுத்துவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யும் ஆபரேஷனையும் நிறுத்திவிடுவார்கள் என்று எங்கள் ஜமாத்தில் (திருநங்கைகள் குழுவில்) பேசிக்கொள்கிறார்கள். நான் இரண்டு வருஷமாகப் பணம் சேர்க்காமல் அதை நம்பித்தான் இருக்கிறேன்.

பயப்படாதீர்கள் மா. நிறுத்த அதில் காரணம் இல்லை. மேலே ஆசிரியர் ஐயாவுக்குச் சொன்ன எண், எச்ஏ 60, அந்தப் பயத்தை மனதில் வைத்துத்தான் பட்டியலில் விடப்பட்டது. இன்னொன்று, நம் நாட்டில் 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு, பாலின மாற்று அறுவைச் சிகிச்சையும் ஹார்மோன் சிகிச்சையும் அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையும் அரசு செய்துதர வேண்டிய வசதிகள் என்கிறது. அதில் மனநோய் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கைகள் நல வாரியம் வந்த பிறகு அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடக்கத் தொடங்கியது, மனநோய் என்ற பட்டம் அதற்கு அடிப்படை கிடையாது.

இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் ஆபரேஷனுக்கு வரும் திருநங்கைகளுக்கு மனநலப் பிரிவிலிருந்து சர்டிஃபிகேட் எழுதித் தருவது என் பொறுப்பு. அன்றைய வழக்கப்படி ‘பாலின அடையாளக் கோளாறு’ என்று எழுதி, எஃப் 64 என்று எண் போட்டு, சீல் வைத்துக் கொடுப்பேன். ஒருநாள் ஒரு திருநங்கை, முப்பது வயதுக்குள் இருக்கும், சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை. ஜன்னல் பக்கம் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். திரும்பி வந்து அந்த ஒரு வார்த்தைமேல் விரலை வைத்து, “கோளாறுன்னு எழுதாம தர முடியாதா டாக்டர்?” என்றார். அந்த வார்த்தை இல்லாவிட்டால் சர்ஜரி பிரிவில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்னேன். அது உண்மைதான். அவர் ஒன்றும் பேசவில்லை, நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார். கதவைத் திறக்க வேண்டுமென்றால், நீ நோயாளி என்று நான் எழுதிக் கொடுத்தாக வேண்டும், வேறு சாவி அந்தக் காலத்தில் என் கையில் இல்லை. மருத்துவமனைக்கு வராமல் தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால் நிர்வாணம் (ஆணுறுப்பை அகற்றும் சடங்கு) செய்துகொண்டு, ரத்தப்போக்கில் செத்துப்போனவர்களின் கதைகளை அவர் சமூகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தையையும் வாங்கிக்கொண்டு போனார்.

இன்றைக்கு எழுத வேண்டியிருந்தால் அந்த வார்த்தையை எழுத மாட்டேன். நீங்கள் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள், போங்கள், அது உங்களுக்குப் புத்தி சரியில்லை என்பதற்காக இல்லை. இந்த ஆபரேஷனைத் திரும்ப மாற்ற முடியாது, குழந்தை பெற முடியாது, ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அந்த நாட்களில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேட்பது எங்கள் வேலை. முன்பு இரண்டு நிபுணர்களின் கடிதம் வேண்டும் என்றிருந்ததை, 2022-ல் வந்த சர்வதேச நெறிமுறையில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். அப்புறம், ஆபரேஷன் செய்தால்தான் திருநங்கை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2014-ல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆபரேஷன் செய்துகொள்ள வற்புறுத்துவது ஒழுக்கக்கேடு, சட்டவிரோதம் என்றே சொல்லியிருக்கிறது. செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம்.

ஐடி ஊழியர், சென்னை: திருநங்கைகளிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம் என்று எல்லா ஆய்வுகளும் சொல்கின்றன. அதுவே இது நோய் என்பதற்கு ஆதாரம் இல்லையா?

சிறு வயதில் உங்கள் வகுப்பில் இடது கையால் எழுதும் பிள்ளை யாராவது இருந்தார்களா? என்னோடு மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ‘பீச்சாங்கையால எழுதுறா பாரு’ என்று பிள்ளைகள் சிரிப்பார்கள், டீச்சர் ஸ்கேலால் அந்தக் கைமுட்டியில் அடிப்பார், வீட்டில் சாப்பிடும்போது அந்தக் கையைத் துணியால் கட்டிவிடுவார்கள். அவளுக்குத் திக்குவாய் வந்தது, பள்ளிக்கூடம் என்றாலே காய்ச்சல் வந்தது. இடது கைப் பழக்கம் ஒரு நோய், அதன் அறிகுறி திக்குவாய் என்று அன்றைக்கு யாராவது ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தால், எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். முடிவு தப்பாக இருந்திருக்கும்.

இதே கேள்வியை முறையாகவே கேட்டுப் பார்த்தார்கள். மெக்சிகோ நகரத்தில் 250 திருநர்களிடம் நடத்திய ஆய்வு 2016-ல் ஒரு முக்கியமான மனநல மருத்துவ இதழில் வந்தது. இளவயதில் தங்கள் அடையாளம் காரணமாகச் சமூகத்தில் ஒதுக்கப்பட்டோம் என்றவர்கள் 76 சதவீதம், அடி உதை உள்ளிட்ட வன்முறைக்கு ஆளானோம் என்றவர்கள் 63 சதவீதம். அவர்களுடைய மன உளைச்சலும் வாழ்க்கை முடங்கியதும் எதோடு ஒட்டிப்போகிறது என்று கணக்குப் பார்த்தபோது, பாலினம் பொருந்தாமல் இருந்ததைவிட இந்த ஒதுக்கலும் அடியும்தான் வலுவான காரணமாக நின்றன. பட்டியலை மாற்றிய விவாதத்தில் அந்த ஆய்வுக்கு ஒரு பங்கு உண்டு.

மனச்சோர்வு வந்த திருநருக்கு மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், மற்ற எல்லோருக்கும் பார்ப்பது போலவே. சளி வந்தால்கூட ‘நீ இப்படி இருக்கிறதாலதான்’ என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது சாகலாம் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இல்லத்தரசி, காரைக்குடி: இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம், நம் பண்பாட்டில் இல்லாதது என்று என் கணவர் சொல்கிறாரே?

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இவர்களை உயர்திணையில் வைத்துப் பேசுகிறது. கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் தாலி கட்டி, மறுநாள் அறுத்து, வெள்ளைச் சேலை கட்டி அழும் திருநங்கைகளின் திருவிழாவை நேற்று யாரும் கொண்டுவரவில்லை. வெளியிலிருந்து வந்தது வேறு. 1871-ல் ஆங்கிலேயர் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியாவில் இவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, பெண் உடையில் பொது இடத்தில் வந்தால் தண்டனை என்றது. நோய் என்ற பெயரும் மேற்கத்திய மருத்துவப் புத்தகங்களில் வந்ததுதான். உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

எம்.பி.பி.எஸ். மாணவர், மதுரை: எங்கள் சட்ட மருத்துவப் புத்தகத்தில் இன்னும் பழைய மாதிரிதான் இருக்கிறது. பரீட்சையில் எதை எழுதுவது?

ஐசிடி 11-ல் இருப்பதை எழுதுங்கள் தம்பி, பதிப்பு எண்ணையும் குறிப்பிடுங்கள், மார்க் குறைத்தால் கேள்வி கேட்க உங்களுக்குக் கையில் ஆதாரம் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2021-ல் தேசிய மருத்துவ ஆணையம் பாடப்புத்தகங்களைத் திருத்தச் சொன்னது. ஆனால் 2024 ஆகஸ்ட் கடைசியில் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், ஓரினச்சேர்க்கையை இயற்கைக்கு மாறான குற்றம் என்று சொல்லும் பழைய வரிகள் திரும்ப வந்துவிட்டன, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். எழுதி நீக்கிய ஒன்று எவ்வளவு சுலபமாகத் திரும்பி வரும் என்பதற்காகச் சொல்கிறேன். என் காலத்தில் இதைக் கோளாறு என்று எழுதித்தான் நான் பாஸ் பண்ணினேன்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்: என் வகுப்பில் எட்டு வயதுப் பையன், அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆடுகிறானாம். அவன் அம்மா என்னிடம் அழுகிறார். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

அவனை அடிக்காமலும் மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமலும் பார்த்துக்கொள்வதுதான் இப்போது செய்ய வேண்டியது. பாவாடை கட்டி ஆடும் பையன்களில் பலர் வளர்ந்து ஆணாகவே இருப்பார்கள், சிலர் இருக்க மாட்டார்கள், எட்டு வயதில் யாராலும் சொல்ல முடியாது. ஐசிடி-யிலும் விளையாட்டையும் உடை விருப்பத்தையும் மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. இந்த வயதில் மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது.

பதின்வயதில் பருவமாற்றத்தைத் தள்ளிப்போடும் ஊசிகளைக் கொடுக்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2024 மார்ச்சில் வழக்கமான சிகிச்சையாக அதைக் கொடுப்பதை நிறுத்தியது. எந்த வயதில் எந்தச் சிகிச்சை என்ற கேள்வி நியாயமானது, அதைப் பொறுமையாகப் பேச வேண்டும். ஆனால் சிலர் அந்தச் சந்தேகத்தைக் காட்டி, பார்த்தீர்களா இது மனநோய்தான் என்று தாவுகிறார்கள். அது வேறு கேள்வி, இது வேறு கேள்வி. குழந்தைகளுக்கு என்று தனிப் பெயரே பட்டியலில் வேண்டாம் என்று வாதாடியவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன், மருந்தே இல்லாத வயதில் எதற்கு ஒரு எண்?

ஒரு தந்தை, கோயம்புத்தூர்: என் ஒரே மகளுக்கு 21 வயது. தான் திருநம்பி என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. முடியை வெட்டியாயிற்று, பேரும் மாற்றியாயிற்று. வீட்டில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்டால் நானே அதை வளர்த்துவிட்ட மாதிரி ஆகிவிடாதா? நானும் ஆசையாகத்தான் பேர் வைத்தேன்.

வளர்த்துவிட மாட்டீர்கள் சார். ஒரு பெயரால் கூப்பிட்டு யாரையும் திருநம்பி ஆக்க முடியாது, கூப்பிடாமல் இருந்து யாரையும் மாற்றவும் முடியாது. உங்கள் கடிதத்தில் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகத் தெரிந்தது. அந்தப் பெயரை நீங்கள் பல மாதம் யோசித்து வைத்திருப்பீர்கள், அதை விடுவது ஓர் இழப்புதான், அதற்கு நீங்கள் வருத்தப்படலாம். வருத்தத்தைப் பிள்ளையிடமே சொல்லலாம். திடீரென்று வாயில் வராது, பழைய பேர் வந்துவிடும், வந்தால் ஒரு ‘சாரிப்பா’ போதும்.

என்னிடம் ஒன்றரை வருஷமாக ஓர் அப்பாவும் பிள்ளையும் வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை திருநம்பி, ஹார்மோன் ஆரம்பித்துக் குரல் உடைந்து, மீசை அரும்பியிருந்தது. தூக்கம் வராமல்தான் என்னிடம் வந்தது. அப்பா லாரி டிரைவர், அதிகம் பேச மாட்டார், அந்தப் புதுப் பேரை என் முன்னால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, ‘இது’, ‘இதுக்கு’ என்றுதான் சொல்வார். ஒருநாள் மருந்து வாங்கும் இடத்தில் சீட்டில் இருந்த பழைய பெண் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் மீசையோடு எழுந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள், பிள்ளை பாதி எழுந்தபடி அப்படியே நின்றுவிட்டது. அப்பா எழுந்து கவுன்ட்டருக்குப் போய், சீட்டை வாங்கிப் பார்த்து, “அது பழைய பேருங்க, மாத்தியாச்சு” என்று சொல்லிவிட்டு, புதுப் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தார். இன்ஷியல் என்ன என்று கேட்டதற்குத் தன் பேரின் முதல் எழுத்தைச் சொன்னார்.